1985 பர்மிங்ஹாம் சமையலறையை எழுதியது எப்படி: என் அனுபவம்

1985-இல் பர்மிங்ஹாமில் நடக்கிற என் குறுநாவலில் வீட்டுக் காட்சிகள் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தன. தேநீர், ரொட்டி, சோப்பு, அவ்வளவுதான். சரி என்று ஒவ்வொரு பொருளும் அந்த வருடம் என்ன பெயரில், எந்த உருவத்தில் கடையில் இருந்தது என்று தேடிப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். இன்றைய ஸ்னிக்கர்ஸ் சாக்லேட் பிரிட்டனில் 1990 வரை மாரத்தான், ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாய் 1998 வரை ஓபல் ஃப்ரூட்ஸ், குளியல்தொட்டி தேய்க்கிற சிஃப் 2001 வரை ஜிஃப். ஆக, பள்ளி விட்டு வரும் என் கதைப் பையன் வாங்குவது மாரத்தான்தான்.

அப்புறம் பால். வாசற்படியில் கண்ணாடி பாட்டில், மேலே மெல்லிய வெள்ளித்தாள் மூடி. வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் நீலத்தலைச் சின்னக் குருவி ஒன்று மூடியைக் கொத்திக் கிழித்து, மேலே மிதக்கும் பாலேட்டைக் குடித்துவிட்டுப் போயிருக்கும். இந்த ஒரு வரியே அந்தக் காலைக்குப் போதும், பக்கம் பக்கமாக வர்ணனை வேண்டாம்.

குளியலறைக்கு இம்பீரியல் லெதர் சோப்பு. அதில் ஒட்டியிருக்கும் குட்டி லேபிள் சோப்பு தேய்ந்து மெலிந்த பிறகும் போகாது, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் சோப்பை வைப்பார்கள்.

கதாபாத்திரத்தின் வயதையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டி வந்த ரேஷனில் மிட்டாய்க்கு 1953 பிப்ரவரி வரைக்கும், சர்க்கரைக்கு அதே வருடம் செப்டம்பர் வரைக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் என் கதையில் அறுபது வயதுப் பாட்டி சர்க்கரைப் பொட்டலங்களை அலமாரிக்குப் பின்னால் அடுக்கிச் சேர்த்து வைக்கிறார். காரணத்தை நான் எங்கேயும் சொல்லவில்லை.