ட்ரை ஸ்கின் கல்யாணப் பொண்ணுக்கு லாங் லாஸ்டிங் ஃபவுண்டேஷன் எப்படி செலக்ட் பண்றது?

எண்ணெய் வடியுற ஸ்கின்ல பேஸ், அதாவது நாம போடுற ஃபவுண்டேஷன், வழியும், வறண்ட ஸ்கின்ல பேஸ் வெடிக்கும். இந்த வித்தியாசம் புரியாமலே நான் ரெண்டு வருஷம் பிரைடல் மேக்கப் பண்ணிட்டு இருந்தேன். கோர்ஸ்ல சொல்லிக்கொடுத்தது, பாட்டில் மேல எழுதியிருக்கிறது, வீடியோல காட்டுறது எல்லாமே வியர்வைக்கும் எண்ணெய்க்கும் தாங்கணும்ங்கிற கணக்குலதான் இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அது நியாயம்தான், ஆனா வறண்ட முகத்துக்கு அந்தக் கணக்கு செட் ஆகாது.

ஒரு தை மாசக் கல்யாணம், சிவகங்கை பக்கம். முகூர்த்தம் காலைல 6.30-க்கு, பொண்ணை 2.30-க்கே எழுப்பி உட்கார வச்சு, 24 மணி நேரம் நிக்கும்னு போட்டிருந்த மேட் (பளபளப்பு இல்லாத) ஃபவுண்டேஷனை நல்லா கனமா போட்டு, மேல பவுடரும் அமுக்கி வச்சேன், ரூம்ல பாக்கும்போது அவ்ளோ அழகா இருந்துச்சு. தாலி கட்டும்போது பக்கத்துல நின்னு பாக்குறேன், வாய் ஓரத்துலயும் மூக்குப் பக்கத்துலயும், கண்மாய் வத்தினா மண்ணு பாளம் பாளமா வெடிக்குமே, அப்படி இருக்கு. பதறிப்போய் மேல இன்னும் கொஞ்சம் பவுடர் வச்சேன், ரொம்ப மோசமாயிடுச்சு. அந்தப் பொண்ணு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல, ஆல்பம் வந்ததும் அவங்க அம்மா ஃபோன் பண்ணி "ஏம்மா இப்படி ஆச்சு"ன்னு மெதுவாத்தான் கேட்டாங்க, அது இன்னும் எனக்கு மறக்கல. புதுசா இந்த வேலைக்கு வர்ற யாருக்கும் அந்த ஃபோன் வரக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

ஸ்டெப் 1: முதல்ல ஸ்கின்னை பாருங்க, பாட்டிலை அப்புறம் பாக்கலாம்

ட்ரயலுக்கு, அதாவது கல்யாணத்துக்கு முன்னாடி மேக்கப் போட்டுப் பாக்க, வர்ற பொண்ணுகிட்ட "உங்களுக்கு என்ன ஸ்கின்"னு கேட்டா பாதிப் பேர் தப்பாத்தான் சொல்வாங்க. சாதாரண ஃபேஸ்வாஷ் போட்டு கழுவச் சொல்லிட்டு, எந்த க்ரீமும் போடாம அரை மணி நேரம் விடுங்க. பேச்சு கொடுத்துட்டே டிசைன், புடவை கலர் எல்லாம் முடிவு பண்ணிக்கலாம். அப்புறம் ஒரு டிஷ்யூவை நெத்தி, மூக்கு, கன்னத்துல ஒத்தி எடுங்க. எங்கயுமே எண்ணெய் ஒட்டல, கன்னம் இழுத்துப் பிடிக்குது, மூக்கு ஓரத்துல தோல் உரிஞ்சு வெள்ளையா நிக்குதுன்னா அது ட்ரை. மூக்குல மட்டும் எண்ணெய் ஒட்டுது, ஆனா முகம் முழுக்க இறுக்கமா இருக்குன்னு சொன்னா அது பெரும்பாலும் தண்ணிச்சத்து குறைஞ்ச ஸ்கின், அதாவது டிஹைட்ரேட்டட். ரெண்டும் ஒண்ணு இல்ல. ட்ரை ஸ்கின்னுக்கு எண்ணெய்ப் பசை உள்ள க்ரீம் வேணும், டிஹைட்ரேட்டடுக்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சீரம் மாதிரி லேசானது வேணும், ரெண்டாவது ஆளுக்கு கனமான க்ரீமை அப்பினீங்கன்னா மூக்குல பேஸ் வழுக்கிட்டு வந்துரும்.

இன்னொண்ணு, ரெட்டினால் இல்லன்னா முகப்பரு க்ரீம் ஏதாவது யூஸ் பண்றாங்களான்னு கேளுங்க. அதுல தோல் உரியும், உரியுற தோல் மேல உலகத்துலயே விலை கூடின ஃபவுண்டேஷன் போட்டாலும் திட்டுத் திட்டாத்தான் நிக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம்னா நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

ஸ்டெப் 2: எந்த மாசத்துல ட்ரயல், எந்த மாசத்துல கல்யாணம்?

இதை யாரும் சொல்லித் தரமாட்டாங்க, ஆனா ரொம்ப முக்கியம். ஆடில முகூர்த்தம் இருக்காது, நமக்கும் வேலை கம்மி, அதனால ட்ரயல் எல்லாம் ஆடிலதான் குவியும். ஆவணில கல்யாணம்னா பரவால்ல. தைல கல்யாணம்னா அந்த ட்ரயல் பாதிதான் உண்மை. மார்கழிப் பனி முடிஞ்சு தை பொறந்ததும் முகூர்த்தம் ஆரம்பிக்கும்போதுதான் உதடு வெடிச்சு, கன்னம் சொரசொரன்னு, ஸ்கின் வருஷத்துலயே அதிகமா வறண்டிருக்கும். ஆடில அழகா உட்கார்ந்த ஃபவுண்டேஷன் தைல உட்காரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. முடிஞ்சா மார்கழி கடைசில முகத்துக்கு மட்டும் இன்னொரு அரை மணி நேர ட்ரயல் வச்சுக்கோங்க, காசு வாங்கலன்னாலும் பரவால்ல.

ஸ்டெப் 3: வறண்ட ஸ்கின்ல பேஸ் ஏன் போகுதுன்னு புரிஞ்சுக்கோங்க

"லாங் வேர்"னு வர்றதுல நிறைய ஃபவுண்டேஷன்ல சீக்கிரம் ஆவியாகுற ஒரு திரவம் இருக்கும், ஐசோடோடெகேன், சைக்ளோபென்டாசிலாக்ஸேன் மாதிரி பேர் லேபிள்ல பாத்திருப்பீங்க. போட்ட கொஞ்ச நேரத்துல அது பறந்துரும், கலரையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு மெல்லிசா ஒரு படலம் தோல்மேல நிக்கும். அந்தப் படலத்தாலதான் கையில ஒட்டாது, மாலைல ஒட்டாது, கண்ணீர் பட்டாலும் கலையாது. எண்ணெய் ஸ்கின்ல உள்ள இருந்து எண்ணெய் வந்துட்டே இருக்கிறதால படலம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். வறண்ட ஸ்கின்ல அந்த எண்ணெய் கிடையாது, பத்தாததுக்கு மேட் ஃபவுண்டேஷன்ல சிலிகா, கயோலின் களிமண் மாதிரி உறிஞ்சுற பொருள் வேற இருக்கும், மண்டபத்து ஏசி வேற காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துரும். பொண்ணு சிரிக்கும்போதும் பேசும்போதும் தோல் மடங்குது, படலம் மடங்கமாட்டேங்குது, வெடிக்குது. அவ்ளோதான் விஷயம்.

அதனால நாம தேட வேண்டியது ரொம்ப இறுக்கமா பிடிக்கிறதை இல்ல, பிடிச்சாலும் வளைஞ்சு கொடுக்கிறதை.

ஸ்டெப் 4: லேபிள் படிங்க

பயப்படாதீங்க, முழுசா படிக்க வேணாம். அதிகமா இருக்கிற பொருள்தான் முதல்ல வரும், அதனால முதல் பத்துப் பேரைப் பாத்தா போதும். கிளிசரின் (ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்), ஸ்குவாலேன் (லேசான எண்ணெய் மாதிரி) மேல இருந்தா சந்தோஷம். சோடியம் ஹயலுரோனேட்னு இருந்தா அது ஹயலுரானிக் ஆசிட் குடும்பம், அது கொஞ்சமாத்தான் போடுவாங்க, கீழ இருந்தாலும் ஓகே. ஆல்கஹால் டெனாட், அதாவது சீக்கிரம் ஆவியாகி தோலை வறட்டுற ஆல்கஹால், மேல இருந்தா வறண்ட முகத்துக்கு வேணாம்னு வச்சிருங்க. ஆனா சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால்னு பாத்து பயந்துறாதீங்க, அது கொழுப்பு வகை, ஸ்கின்னை சாஃப்ட்டாதான் வைக்கும், பேர்ல மட்டும்தான் ஆல்கஹால்.

முன்பக்கம் ரேடியன்ட், டியூயி, லூமினஸ் (மூணுமே பளபளப்புன்னு அர்த்தம்), ஹைட்ரேட்டிங்னு போட்டிருக்கிறதை எடுங்க. மேட், ஆயில் கன்ட்ரோல், போர்லெஸ்னு போட்டிருந்தா யோசிங்க. மேபலின் ஃபிட் மீ ஒரே பேர்ல ரெண்டு வகை வருது, மேட் ப்ளஸ் போர்லெஸ் நார்மல் டு ஆய்லிக்கு, டியூயி ப்ளஸ் ஸ்மூத் நார்மல் டு ட்ரைக்கு. கடைக்காரர் முதல்ல இருக்கிறதைத்தான் எடுத்து நீட்டுவார், நீங்கதான் பாத்து கேக்கணும்.

ஸ்டெப் 5: கிட்ல என்னென்ன வைக்கலாம்

நார்ஸ் நேச்சுரல் ரேடியன்ட் லாங்வேர், பேர்லயே ரேடியன்ட்டும் இருக்கு லாங்வேரும் இருக்கு, கவரேஜும் (தழும்பு, கறுப்பை மறைக்கிறது) நல்லா வரும், வறண்ட முகத்துக்கு நான் முதல்ல கை வைக்கிறது இதுலதான். விலை கூடத்தான், ஆனா ஒரு முகத்துக்கு கொஞ்சமாத்தான் செலவாகும். எஸ்டீ லாடர் டபுள் வேர் 1997-ல வந்தது, இன்னைக்கும் பிரைடல் கிட்ல அது இல்லாத ஆளைப் பாக்குறது கஷ்டம், நிக்கும்ங்கிறதுல சந்தேகமே வேணாம், ஆனா மேட் ஃபினிஷ். ட்ரை ஸ்கின்ல போட்டுத்தான் ஆகணும்னா ஈர ஸ்பாஞ்சுல ரொம்ப மெல்லிசா, நடு முகத்துல மட்டும். மேக் (MAC) கம்பெனியோட ஸ்டுடியோ ஃபிக்ஸ் ஃப்ளூயிடும் இதே கணக்குதான்.

அப்புறம் நம்ம ஊர் பார்லர் எல்லாத்துலயும் இருக்கிற கிரயோலான் டிவி பெயின்ட் ஸ்டிக். 1945-ல பெர்லின்ல ஆரம்பிச்ச கம்பெனி, மேடைக்கும் ஷூட்டிங்குக்கும் பண்ணின சரக்கு. க்ரீம் பேஸ்ங்கிறதால வறண்ட தோல்ல வழுவழுன்னு உட்காரும், ஆனா தானா செட் ஆகாது, பவுடர் கேக்கும், கனமா போட்டா வேஷம் போட்ட மாதிரி ஆயிடும். தட்டுல கொஞ்சம் சுரண்டி எடுத்து, விரல் சூட்டுல இளக்கி, கறுத்திருக்கிற இடத்துல மட்டும் வைங்க. முகம் முழுக்க இழுத்துத் தேய்ச்ச காலம் போயிருச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாத்தையும் வாங்கணும்னு கடன் வாங்காதீங்க. ஒரு நல்ல ரேடியன்ட் லாங்வேர்ல பக்கத்துப் பக்கத்து ஷேடு மூணு நாலு வாங்குங்க, கலந்து கலந்து நிறைய பேருக்கு வந்துரும். பாதி விலைக்கு கிடைக்குதுன்னு முன்னப்பின்ன தெரியாத இடத்துல மட்டும் வாங்காதீங்க, டூப்ளிகேட் நிறைய சுத்துது, நாம விளையாடுறது அடுத்தவங்க முகத்துல.

ஸ்டெப் 6: மஞ்சள் முகத்துல ஷேடு பாக்காதீங்க

நலங்கு முடிஞ்ச கையோட வர்ற பொண்ணுக்கு முகம் மஞ்சளா இருக்கும். அதைப் பாத்து ஷேடு எடுத்தீங்கன்னா கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தண்ணில கரையாது, எண்ணெய்ல கரையும், அதனால சோப்பு போட்டு தேய் தேய்னு தேய்க்காம க்ளென்சிங் ஆயிலோ பாமோ போட்டு மெதுவா எடுங்க, வறண்ட தோலுக்கும் அதுதான் இதம். அப்புறம் தாடை ஓரத்துல இருந்து கழுத்து வரைக்கும் மூணு கோடு போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. உடனே முடிவு பண்ணாம 15 நிமிஷம் விடுங்க, சில ஃபவுண்டேஷன் காய்ஞ்சதும் ஒரு ஷேடு கறுத்துரும். மேக்ல என்சி 42 மாதிரி என்சின்னு வர்றது மஞ்சள் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ ரோஸ் சாயல் தோலுக்கு. நம்ம பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் முதல் வகைதான் சேரும். "கொஞ்சம் கலரா காட்டும்மா"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, ரெண்டு ஷேடு ஏத்திப் போட்டா முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அதுவும் வறண்ட தோல்ல அந்த வெளுப்பு இன்னும் தூக்கலா தெரியும். பொறுமையா சொல்லிப் புரிய வைங்க, பொண்ணோட கலரே அழகுன்னு நாம சொல்லலன்னா யார் சொல்றது.

ஸ்டெப் 7: அரை முகம் அரை முகமா டெஸ்ட்

இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு போட்டு வீட்டுக்கு அனுப்பிருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜன்னல் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஆறு மணி நேரம் வரைக்கும். நடுவுல சாப்பிடணும், சிரிச்சுப் பேசணும், முடிஞ்சா ஏசில கொஞ்ச நேரம் உட்காரணும். ஒரு ஃபோட்டோ ஃப்ளாஷ் போட்டு எடுக்கச் சொல்லுங்க, எஸ்பிஎஃப்-க்காக, அதாவது வெயில் பாதுகாப்புக்காக, சேக்கிற டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு அதிகமா இருந்தா முகம் மட்டும் வெள்ளையா அடிக்கும், அது கண்ணாடில தெரியாது. நாலு மணி நேரத்துக்கு அப்புறம் வர்ற ஃபோட்டோதான் உண்மையான ஃபோட்டோ, வாய் ஓரத்தை ஜூம் பண்ணிப் பாருங்க.

ஸ்டெப் 8: போடுற அன்னைக்கு

மாய்ஸ்சரைசர் போட்டு பத்து நிமிஷம் தொடாதீங்க, அந்த நேரத்துல முடியைப் பாருங்க, பூவை எடுத்து வைங்க. உதட்டுக்கு பாம் வச்சிருங்க. ப்ரைமரும் (ஃபவுண்டேஷனுக்கு முன்னாடி போடுறது) ஃபவுண்டேஷனும் ஒரே குடும்பமா இருக்கட்டும், தண்ணி பேஸ் ப்ரைமர் மேல சிலிகான் பேஸ் ஃபவுண்டேஷன் போட்டா சிலசமயம் அழுக்கு உருட்டின மாதிரி திரண்டு வரும். லாங்வேர் ஃபவுண்டேஷன்ல ஃபேஸ் ஆயில் கலக்குற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அந்தப் படலமே உருவாகாம போயிரும், எண்ணெய் வேணும்னா க்ரீமோட முன்னாடியே போட்டு இறங்க விட்டுருங்க. அப்புறம் ஈர ஸ்பாஞ்சுல மெல்லிசா ஒரு கோட், தேவைப்படுற இடத்துல மட்டும் ரெண்டாவது. பவுடர் கண்ணுக்குக் கீழ, மூக்குப் பக்கம், தாடை நடுவுல சின்ன பிரஷ்ல தொட்டு வைங்க, கன்னத்தை விட்டுருங்க. கடைசியா செட்டிங் ஸ்ப்ரே. ஹோமப் புகைல கண்ணு கலங்கினா டிஷ்யூவை மடிச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, மேல பவுடர் போடாதீங்க. எங்கயாவது கோடு விழுந்தா விரல்ல துளி ஸ்ப்ரே அடிச்சுத் தட்டினா போதும், திரும்ப சேந்துக்கும்.

முந்தின நாள் ரிசப்ஷன் இருந்தா, ராத்திரி 11 மணிக்கு களைச்சுப்போய் பொண்ணு அப்படியே தூங்கப் போகும், விடாதீங்க. வெட் வைப்ஸ் வேணாம், க்ளென்சிங் பாம் போட்டு மேக்கப்பை முழுசா எடுத்து, கழுவி, கனமா ஒரு க்ரீம் போட்டுட்டுத்தான் ரூமை விட்டுக் கிளம்பணும். மூணு மணி நேரம்தான் தூக்கம்னாலும் அந்த மூணு மணி நேரம் தோலுக்கு க்ரீம் கிடைச்சிருக்கும், காலைல 2.30-க்கு ஸ்பாஞ்சை வைக்கும்போது உங்க கையிலயே வித்தியாசம் தெரியும்.