பழுதுபார்ப்புக் குழு தன் பலனை எப்படிக் கணக்கிடுவது, எப்படிச் சொல்வது?

உடைந்த பொருளை உரிமையாளரோடு சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யும் தன்னார்வக் குழு எங்களுடையது. 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே வழிதான். முதல் ஆண்டறிக்கையில், வந்த பொருள்களின் எடையையெல்லாம் கூட்டி "இத்தனை கிலோ குப்பையைத் தடுத்தோம்" என்று எழுதிவிட்டேன். அது தவறு. திருத்திக்கொண்ட முறையைக் கீழே தருகிறேன்.

படி 1: தாளில் எழுதுங்கள்

பொருளுக்கு ஒரு வரி போதும்: வகை, தயாரிப்பு நிறுவனம், எத்தனை வருடப் பழசு, கோளாறு, முடிவு. செயலிகள் இருக்கின்றன, ஆனால் விரலில் கிரீஸ் இருக்கும்போது யாரும் போனைத் தொட மாட்டார்கள். சாயங்காலம் கூகுள் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 2: முடிவு மூன்றே வகை

சரியானது, சரிசெய்ய முடியும், ஆயுள் முடிந்தது. பல நாட்டுக் குழுக்கள் தரவைப் பகிரும் ஓப்பன் ரிப்பேர் அலையன்ஸின் தரவுமுறையிலும் இந்தப் பிரிவுகள் உண்டு. உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் பொருள் இரண்டாம் வகை. அது ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை வெற்றியில் சேர்க்காதீர்கள்.

படி 3: எடை

தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். முதல் சில கூட்டங்களில் ஒவ்வொன்றையும் நிறுத்து, அப்புறம் வகைக்கு ஒரு சராசரி வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியைப் பையிலிருந்து வெளியே எடுத்து நிறுங்கள். நாங்கள் சில கூட்டங்களில் பையோடு நிறுத்து, சராசரியைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

படி 4: நான் இடறிய இடம்

அறிக்கையைப் படித்த மூத்த தன்னார்வலர் கேட்டார்: "நாம சரிசெய்யலைன்னா இதெல்லாம் இன்னைக்கே குப்பைக்குப் போயிருக்குமா?" போயிருக்காது. சிலர் வேறு கடைக்குக் கொண்டுபோவார்கள், சிலர் பரணில் போடுவார்கள். சரிசெய்த ஒவ்வொரு பொருளும் ஒரு புதுப்பொருள் வாங்குவதைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அதனால் லண்டனின் ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் என்ற பழுதுபார்ப்பு அமைப்பு, எவ்வளவு கார்பன் உமிழ்வைத் தவிர்த்தோம் என்ற கணக்கில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது, அதாவது 0.5.

ஓர் உதாரணம்: வந்தவை 40, சரியானவை 22, அவற்றின் எடை 66 கிலோ. "66 கிலோ பொருள் மீண்டும் பயன்பாட்டுக்குப் போனது" என்று எழுதலாம், அது நேரடி உண்மை. "குப்பையைத் தடுத்தோம்" என்றால் 33 கிலோ. பக்கத்திலேயே "பாதி என்பது எங்கள் அனுமானம்" என்று எழுதுங்கள். முடிந்தால் உரிமையாளரிடமே கேளுங்கள்: "இது சரியாகாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?" ஐம்பது பதில் சேர்ந்தால் உங்களுக்கே ஒரு விகிதம் கிடைக்கும். கடன் வாங்கிய 0.5-ஐவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

படி 5: சொல்வது

ஓர் எண், ஒரு பொருளின் கதை, ஒரு தோல்வி. "இத்தனை மரங்களுக்குச் சமம்" என்ற ஒப்பீட்டை நான் விட்டுவிட்டேன். யாராலும் சரிபார்க்க முடியாது. தோல்விப் பட்டியல்தான் அதிகம் பேசுகிறது. பசை போட்டு ஒட்டிய மூடியால் திறக்கவே முடியாமல் போனவை எத்தனை என்று போட்டால், கோளாறு பொருளின் வடிவமைப்பில் இருப்பது யாருக்கும் புரியும்.

பின்சேர்க்கை: ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பொருளுக்கு ஒரு வரிசை எண் ஒட்டுங்கள். பழுதுபார்த்த எண்ணிக்கையில் ஒவ்வொரு முறையும் சேரும். எடையில் ஆண்டுக்கு ஒரே முறை.