6 லட்சத்துக்குள் சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

இந்த விலைக்குள் இரண்டு கதவு வைத்த அசல் ஸ்போர்ட்ஸ் காரை நல்ல நிலையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சின்ன உடம்பில் வேகமான இன்ஜின் வைத்த ஹேட்ச்பேக் (பின்கதவு மேலே திறக்கும் சின்ன கார்) நிச்சயம் கிடைக்கும். ஓட்டுகிற சந்தோஷம் அதிலேயே நிறைய இருக்கிறது. எனவே அந்த வகை வண்டிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 6 லட்சம் இருந்தால் 4.75 லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மீதியைத் தொடவே கூடாது. டயர், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடு ஈ.சி.ஆரில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

படி 2: எந்த வண்டி?

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும்) இன்ஜின், 105 குதிரைத் திறன். தானாகவே கியர் மாற்றும் அதன் 7 கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் கெட்டால் செலவு பெரிது. அதே போலோவில் 2020இல் வந்த 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல் உங்கள் விலைக்கு அமைந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கம் போவேன். மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் அறிமுகமானது. 1.0 லிட்டர் டர்போ, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்; பராமரிக்கவும் சுலபம். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், ஃபிகோ 1.5 டீசல் இரண்டும் பழைய வண்டிகள்தான். ஆனால் ஃபோர்டின் தொழிற்சாலையே மறைமலை நகரில் இருந்ததால், இந்த வண்டிகளை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊரில் உண்டு. 145 குதிரைத் திறன் கொண்ட அபார்த் புன்ட்டோ எல்லோர் மனதையும் இழுக்கும். ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டதால், முதல் வண்டியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

படி 3: காலையில் போங்கள், ஆறின இன்ஜினைப் பாருங்கள்

“நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறின இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டர்போ அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் எரிபொருள் எரியும் இடத்துக்குள் போகிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த மாதிரி படிந்திருந்தால் பேரமே வேண்டாம்.

படி 4: வெள்ளத்தில் நின்ற வண்டியா?

சென்னையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத்து வண்டி என்றால் அந்த நாட்களில் அது எங்கே நின்றது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

2016இல் ஒரு சிவப்பு போலோ பார்க்கப் போனேன். பெயின்ட் பளபளத்தது, இன்ஜின் சத்தமும் சுத்தம். அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்துவிட்டேன். கூட வந்த மாமா பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். பாதிக்கு மேல் பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு! விற்றவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டி பார்த்தாலும் முதலில் பெல்ட்டைத்தான் இழுக்கிறேன்.

அப்புறம் கார்பெட்டைத் தூக்கி அடியில் கை விடுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் மாதங்கள் கழித்தும் தொல்லை கொடுக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 5: நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்

காலியான ஓ.எம்.ஆரில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். டி.எஸ்.ஜி. வண்டியை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறினாலோ, ரிவர்ஸ் விழத் தாமதமானாலோ விட்டுவிடுங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிய வண்டியா, இன்ஜின் ரீமேப் செய்ததா (சக்தியைக் கூட்ட அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றியதா) என்றும் கேளுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இவ்வளவு பழைய டயர் என்றால், பட்டை தேயாமல் இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

படி 6: காகிதங்கள்

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா, அபராதம் நிற்கிறதா என்று பாருங்கள். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டெல்லி வண்டி மலிவாகத் தெரியும். படிவம் 28 (அங்கிருந்து வாங்கும் தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ஆயுள் வரி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபம் கரைந்துவிடும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது.

படி 7: வாங்கிய வாரம்

இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். போன மாதம்தான் மாற்றினேன் என்று விற்றவர் சொன்னாலும், பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். கதவுக் கண்ணாடி, பம்பர் மாதிரிப் பொருட்களுக்குப் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம். பிரேக், டர்போ, ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்க வேண்டாம். முதல் படியில் தனியாக வைத்த பணம் இதற்குத்தான்.