பாதி பல்பு எரியாத சிவப்பு விளக்கு

முடி கொட்டுகிறதே என்று, தலையில் சிவப்பு ஒளி பாய்ச்ச வாங்கிய எல்இடி பேனலில் ஒன்று விட்டு ஒன்று பல்பு எரியவில்லை. காரைக்குடி கரண்ட் ஏறி இறங்குவதால்தான் என்று ஸ்டெபிலைசர் போட்டேன். அடாப்டரையும் மாற்றினேன். எலெக்ட்ரீஷியனோ, "போர்டு போச்சுண்ணே" என்று கழற்றவே உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் வீண்.

அப்புறம்தான் அட்டைப்பெட்டி ஓரத்தில் 660, 850 நானோமீட்டர் என்று ஒளியின் அலைநீளம் போட்டிருந்ததைக் கவனித்தேன். 660 கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. 850 அகச்சிவப்பு, இருட்டில் மங்கலாகத் தெரிந்தால் உண்டு, வளவு முற்றத்தில் வெயில் கொட்டும்போது சுத்தமாகத் தெரியாது. இரண்டாங்கட்டு அறைக்குக் கொண்டுபோய், போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தேன். 'செத்த' பல்பெல்லாம் வெளிர் ஊதாவில் எரிந்தன! பின்பக்கக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை; அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருந்திருக்கிறது. சரி, தெரியவில்லையே என்று அந்தப் பல்புகளை உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

"எரியாத விளக்குக்கா இத்தனை காசு?" என்கிறார் அப்பத்தா.