ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள்

பழைய கம்ப்யூட்டருக்குப் புதுப் பாகம் வாங்க வேண்டுமா? வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். வாங்கிய பாகம் பொருந்தவில்லை என்றால் சிக்கல்தான். பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைகள் லேசில் சம்மதிக்காது.

மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை) மாடல் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளிலும் தெரியும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலைத் தேடினால், எந்தப் பிராசஸர் எந்த பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியல் கிடைக்கும். சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) ஒன்றுதானே என்று நம்பி ஏமாறாதீர்கள். இன்டெல் 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ1151 சாக்கெட்தான். ஆனாலும் எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை ஐ5 ஓடாது. ஏஎம்டி பி450 போர்டில் ரைசன் 5 5600 ஓடும், ஆனால் அதற்கேற்ற பயாஸ் வேண்டும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அப்டேட் செய்யாமல் மாற்றினால் திரையில் எதுவும் வராது. 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர் வாங்கினால் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும்.

ரேம் எளிது. டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடையும். 12ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. எச்61, எச்81 போர்டுகள் 16 ஜிபியோடு நின்றுவிடும். இவ்வளவு பழைய போர்டுக்குப் புதுப் பிராசஸர் தேடிப் பணம் போடுவது வீண், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே வேகம் கண்ணுக்குத் தெரியும்.

அதிகம் கெடுவது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில்தான். ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட் என்றிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும், பிராசஸர் 65 வாட்டுக்கு மேல். டெஸ்க்டாப் வரை ஒழுங்காக வரும், கேம் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆகும். இந்தக் கார்டுக்கு நல்ல தரமான 550 வாட் வாங்குங்கள். கார்டுக்கான கேபிள் இல்லை என்று மோலெக்ஸ் (பழைய 4 பின் இணைப்பு) கன்வெர்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள், கம்பி சூடேறி உருகலாம். பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோலிருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். மாற்றித் திணித்தால் ஷார்ட் ஆகும்.

அலுவலகத்தில் கழித்த டெல், எச்பி, லெனோவோ சிஸ்டத்தை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல மாடல்களில் போர்டுக்குப் போகும் பவர் இணைப்பு வழக்கமான 24 பின் கிடையாது. கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது. ஸ்லிம் கேபினட்டில் அரை உயரக் கார்டுதான் நுழையும். அதிலும் தனி பவர் கேபிள் கேட்காத கார்டாகப் பாருங்கள். ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். சில மாடல்களில் அதுவும் கிடையாது, மேனுவலில் இருக்கும். பெரிய கேபினட்டிலும் கார்டின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கும்.

எம்.2 ஸ்லாட் (போர்டிலேயே நேரடியாக எஸ்எஸ்டி செருகும் இடம்) வேகமான என்விஎம்இ வகைக்கா, சாட்டா வகைக்கா, இரண்டுக்குமா என்று மேனுவலில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரெனக் காணாமல் போனால் கேபிளை வேறு போர்ட்டில் மாற்றுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் ரேமின் முனைகள் கறுத்துப்போகும். புது ரேம் போட்டதும் பீப் சத்தம் வந்தால் உடனே பொருந்தவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமின் தங்கநிற முனையை ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகள்களைத் துடைத்து, ஸ்லாட்டை பிரஷால் தட்டிவிட்டு, ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பழையது தனியாக ஓடி, புதியது எந்த ஸ்லாட்டிலும் ஓடாவிட்டால் பில்லோடு கடைக்குப் போங்கள்.