குளிர்கால சென்ட்டைக் கடையிலேயே முடிவு செய்யாதீர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவில் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: குளிருக்கு ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம் சென்ட் வாங்கலாமா, டொபாக்கோ வனீல் வாங்கலாமா? விக்டர் அண்ட் ரால்ஃப் நிறுவனத்தின் முதலாவதில் மிளகுக் காரம் தூக்கலாக இருக்கும். டாம் ஃபோர்டு நிறுவனம் 2007இல் கொண்டுவந்த இரண்டாவதில் கொக்கோவும் உலர்பழ இனிப்பும் தூக்கல். புகையிலையும் வனிலாவும் இரண்டுக்கும் பொது.

கடையில் காகிதத் துண்டில் அடித்து, முகர்ந்து, உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். முதல் கால் மணி நேரம் மூக்கில் ஏறுவது சீக்கிரம் பறந்துபோகும் சரக்கு. வனிலா, சாம்பிராணி போன்றவை அடியில் தங்கி, உடம்புச் சூட்டில் மெல்ல எழும். சாயங்காலம் வரை கூட வரப்போவது அதுதான். கைக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து மணி நேரம் கழித்து எந்தக் கையை மறுபடி முகரத் தோன்றுகிறது என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, குளிருக்கு என்றால் வெளியில் போட என்று நினைப்பது. மைனஸ் பத்தில் பஸ்ஸுக்கு நிற்பது பத்து நிமிடம். மீதி நாள் முழுக்க ஹீட்டர் ஓடும் அறை. போன ஜனவரியில், குளிரில் மணமே எழவில்லையே என்று நான்கு தடவை அடித்துக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் ஏறி மப்ளரை அவிழ்த்ததும் இனிப்பு மணம் குப்பென்று கிளம்பியது. பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் எனக்கே தலைவலி. அலுவலகத்துக்கு என்றால் நான் எக்ஸ்ட்ரீமைத்தான் சொல்வேன், அதுவும் இரண்டே தடவை. மிளகு அந்த இனிப்பைத் திகட்டவிடாது. டொபாக்கோ வனீல் ராத்திரி விருந்துக்கு, ஒரே தடவை.

எக்ஸ்ட்ரீம் என்ற பெயரைப் பார்த்து, 2012இல் வந்த பழைய ஸ்பைஸ்பாமே கொஞ்சம் தூக்கலாக வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கலவை. ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதை வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளிரில் தோல் வறண்டுபோனால் மணமும் நிற்காது. வாசனையில்லாத கிரீமை முதலில் தடவிக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு மணமுள்ளவை சிலருக்குத் தோலை அரிக்கவைக்கும், அதையும் கவனியுங்கள்.

இரண்டு மில்லி சாம்பிள் இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று நாள் என்று வேலைக்குப் போட்டுப் போங்கள். கம்பளித் துணியில் ஏறிய மணம் லேசில் போகாது. இரண்டாவது சாம்பிளைத் திறக்கும் நாளில் வேறு மப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.