பச்சை உடம்புக்காரிக்குப் பட்டினி எதற்கு?

வடசென்னையில் தண்டையார்பேட்டையோ காசிமேடோ வியாசர்பாடியோ, ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் அந்தச் சந்தில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சட்டம் நினைவுக்கு வந்துவிடும். தண்ணி குடிக்காதே, பருப்பு சாப்பிடாதே, ஜன்னலைத் திறக்காதே, கட்டிலை விட்டு இறங்காதே. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆயாவும் அம்மாவும் பக்கத்தில் இருந்து சமைத்துப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, பெற்றவளைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வதைப் போல ஓர் ஏற்பாட்டை எந்த ஆஸ்பத்திரியாலும் தர முடியாது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டங்களில் பாதிக்கு மேல் குறைப்பதைப் பற்றியவை. பெற்ற உடம்போ கூட்டிக் கேட்கிற நேரத்தில் இருக்கிறது. தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

முதலில் தண்ணீர். "தண்ணி நெறைய குடிச்சா வயிறு தொங்கிடும், பிள்ளைக்குச் சளி புடிக்கும்" என்பது இன்றும் பல வீடுகளில் மாறாத வாக்கு. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சுக்குத் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். முழுப் பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் முக்கால் லிட்டர் பால் சுரக்கிறது. இதோடு சென்னை வெயிலும் புழுக்கமும், மின்விசிறி மட்டும் ஓடும் அறையும் சேர்ந்தால் உடம்பு வற்றிப்போகும். விளைவு தலைவலி, சிறுநீர் எரிச்சல், மலச்சிக்கல். தையல் போட்ட இடத்தோடு முக்கி முக்கி மலம் கழிப்பது எவ்வளவு கொடுமை என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். வயிறு தளர்ந்து தெரிவதற்குக் காரணம் ஒன்பது மாதம் விரிந்த தசை. அதற்கும் குடிக்கிற தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள்.

எந்தத் தண்ணீர் என்பது நம் பக்கத்தில் இன்னொரு கேள்வி. லாரித் தண்ணீர், அடிபம்புத் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவைத்து ஆறவைத்ததே நல்லது. கொப்புளம் விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும், அரைமணி நேரம் கேஸை எரிக்க வேண்டாம். டிரம்மில் பிடித்துவைக்கும் தண்ணீரை மூடிவையுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த டிரம்தான் பிடித்த வீடு.

அடுத்தது சாப்பாடு. பத்தியம் என்ற பேரில் குழைந்த சோறும் பூண்டுக் குழம்பும், இரவில் இரண்டு இட்லியும் என்று நாற்பது நாள் ஓட்டுகிற வீடுகள் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. பருப்பு வாயு, கீரை மாந்தம், மோர் சளி, பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் தட்டில் மிஞ்சுவது வெறும் சோறு. பெற்றவள் பருப்பு சாப்பிட்டாள் என்பதற்காகப் பிள்ளையின் வயிற்றில் வாயு போய்ச் சேராது. குறிப்பிட்ட ஒரு பண்டம் சாப்பிடும்போதெல்லாம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே கவனித்தால் அதை மட்டும் தள்ளிவையுங்கள்.

ஆயாக்கள் சொல்வதில் சரியானவையும் உண்டு. ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலும் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டிலும் இரும்புச்சத்து நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரை, முட்டை, வெல்லத்தோடு வேர்க்கடலை எல்லாமே மலிவு, எல்லாமே நல்லவை. கறி வாங்க முடியாத நாளில் அங்கன்வாடியில் பால் கொடுக்கும் தாய்மாருக்கென்று தரும் சத்துமாவு இருக்கிறது. அதை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கஞ்சியாகக் காய்ச்சிவிடாமல் அவளுக்கென்று எடுத்துவையுங்கள்.

மீன் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. காசிமேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு என்பது நம் ஊரில் எழுதாத விதி. புரதம் நிறைந்த பண்டம்தான், பூண்டு போட்டு வதக்கினால் ருசிக்கும் குறைவில்லை. ஆனால் மற்ற மீன்களைத் தின்று வாழும் சுறா வகைகளின் சதையில் பாதரசம் சேரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பால் கொடுக்கும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவையும் வைத்திருக்கிறது. பால்சுறா சிறிய வகை, ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். தினம் தினம் அதையே கொடுப்பதுதான் வேண்டாத வேலை. பாலைச் சுரக்கவைப்பது குழந்தை உறிஞ்சுவதுதான், சுறா அல்ல. நெத்திலி, காரப்பொடி, மத்தி போன்ற பொடி மீன்கள் விலையும் குறைவு. முள்ளோடு சாப்பிடுபவற்றில் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். கருவாட்டுக் குழம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பிரசவ லேகியத்தைக் கோலிக்குண்டு அளவில் சாப்பிடுவதில் பெரிய தப்பில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் மட்டும் அதில் இருக்கும் வெல்லத்தை நினைவில் வைக்க வேண்டும். என்ன போட்டு இடித்தது என்று சொல்ல முடியாத பொடி வேண்டாம். வெற்றிலை பாக்கு போட்டால் பால் ஊறும் என்பார்கள். பாக்கு புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியாகியிருக்கிறது, புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். உடம்பு வலிக்கு என்று சில வீடுகளில் ஒரு மூடி பிராந்தி கொடுப்பதும் உண்டு. அது நேராகப் பாலுக்குத்தான் போகும்.

இனி மாத்திரை. ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது பையில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இருக்கும். "அதான் பிள்ளை பொறந்தாச்சே" என்று அந்தப் பை ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும். இரண்டையுமே பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். சாப்பிடுகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். காலையில் டீயும் பொறையும் சாப்பிட்டுவிட்டு, கையோடு இரண்டு மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, கால்சியமும் அதோடு போட்டி போடும். இரும்பு மாத்திரையை ஒரு வேளைக்கும் கால்சியத்தை வேறு வேளைக்கும் வையுங்கள், டீக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்த வேண்டாம்.

சொல்ல மறந்த ஒன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கிறது. பணத்தில் ஒரு பகுதி பிரசவத்துக்குப் பிறகுதான் வரும். அது குழுக் கடனுக்கும் பெயர் வைக்கும் விழாவுக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டு ஆண்களின் பொறுப்பு. அந்தப் பணம் அவள் சாப்பிடுவதற்கு வந்தது.

படுக்கையும் குடமும்

உடம்பு விஷயத்தில் இரண்டு கோடிகளிலும் தவறு நடக்கிறது. ஒரு வீட்டில் நாற்பது நாளும் கட்டிலை விட்டு இறக்கமாட்டார்கள். இன்னொரு வீட்டில் மூன்றாம் வாரமே லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடவேண்டியிருக்கும். அசையாமல் படுத்தே இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் அதிகம். மறுநாளே எழுந்து நடக்கவைப்பது அதற்காகத்தான். அதே சமயம் நிரம்பிய குடம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்பு ஆறு வாரத்துக்குத் தன் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, நான்காம் மாடியில் இருப்பவர்கள் படி ஏறலாம். கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக, வெறுங்கையோடு. ஒரு நாளைக்கு ஒரு தடவையில் வேலையை முடித்துக்கொள்ளும்படி வீட்டார் திட்டம் போட வேண்டும்.

பழைய பருத்திப் புடவையால் வயிற்றைக் கட்டினால் இடுப்புக்கு இதமாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்குவதால் தொப்பை குறையாது. தையல் காயத்தின் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், காயம் உலர்ந்திருந்தால்தான் ஆறும். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் சொட்டுகிறதென்றால், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையைச் சுருக்கி, சில நொடி வைத்திருந்து தளர்த்தும் பயிற்சி தினமும் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

சாம்பிராணி. பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலை அடைத்து, கொசுவர்த்தியும் ஏற்றி, அதன் மேல் சாம்பிராணிப் புகையும் போட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் இருமல்தான் மிச்சம். தலையைத் துண்டால் துவட்டி, மின்விசிறியில் காயவிடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும், எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் கேஸ் நாற்றம் வரும் நேரத்தில் மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பாலும் மனசும்

"பால் பத்தல" என்ற இரண்டு வார்த்தை ஒரு புதுத்தாயை உடைத்துவிடும். குழந்தை அழுதால் பசி என்று முடிவுகட்டி, மாமியார் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க, நாத்தனார் பால் டப்பா வாங்கிவர, தெருவில் கழுதையோடு வருகிறவரிடம் ஒரு சங்கு கழுதைப்பாலும் வாங்கி ஊற்றிவிடுவார்கள். காய்ச்சாத பால் பச்சைக் குழந்தைக்கு நோய்த்தொற்றைக் கொண்டுவரும். வெளிப்பால் வயிற்றை நிரப்பினால் குழந்தை மார்பை உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும். உண்மையாகவே பால் போதவில்லையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். போனால், ஏறினால், போதும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தாலும் காய்ச்சல் வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள், நிறுத்தினால் கட்டு முற்றும். 1992 சட்டப்படி குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாது. அந்த வேலையை நாமே ஏன் செய்துகொடுக்க வேண்டும்?

பெற்ற இரண்டு மூன்று நாளில் காரணம் இல்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளை மேல் ஒட்டுதலே இல்லாமல் போனால், அது திமிரும் அல்ல, காத்தும் கருப்பும் அல்ல. மருந்தும் பேச்சும் கேட்கும் நோய். மனநல மருத்துவரிடம் போவதென்றாலே, மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தைச் சொல்லி "கீழ்ப்பாக்கமா?" என்று கிண்டல் செய்கிற ஊர் இது. ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. வீட்டை விட்டு வெளியே வரமுடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்கிறது, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக விடக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

அன்றே ஓட வேண்டிய இன்னும் சில உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, கெட்ட வாடையோடு வடிதல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விடாத தலைவலியோடு கண் மங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், வலிப்பு. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை பிரஷர் ஏறலாம். சூடு, திருஷ்டி என்று கஷாயம் போட்டு இரவைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்றரை மாத ஊசி

குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசியை யாரும் தவறவிடுவதில்லை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஆகட்டும், பக்கத்துத் தெரு மாநகராட்சி சுகாதார நிலையம் ஆகட்டும், அட்டையோடு வரிசையில் நிற்கிறோம். ஊசி போட்டதும் திரும்பிவிடுகிறோம். தாயைப் பரிசோதிக்க வேண்டிய நாளும் அதே ஆறாவது வாரம்தான். அன்று உங்கள் கார்டையும் கொண்டுபோய், பிரஷர் பாருங்கள், ரத்த அளவு பாருங்கள், தையலைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை இப்போது ஒன்று வேண்டும், பிறகும் அவ்வப்போது வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி நாட்டுக்கே எடுத்துச் சொன்ன டாக்டர் வி. சேஷய்யா சென்னைக்காரர். அவர் பிறந்த மார்ச் 10 அதற்கான தேசிய விழிப்புணர்வு நாளாக இருக்கிறது.

அங்கேயே கேட்க வேண்டிய இன்னொன்றை, கூச்சத்தில் யாரும் கேட்பதில்லை. பால் கொடுத்தால் கரு தங்காது என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதை நம்பலாம். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடக்கூடும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். மெடிக்கலில் பெயர் தெரியாமல் வாங்கும் சாதாரணக் கருத்தடை மாத்திரை பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அது ஏற்றதல்ல. வீட்டுக்காரரையும் அன்று கூடவே கூட்டிப்போங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவும் நர்ஸம்மா சொல்வதைக் காதில் வாங்கவும்.